மாத்திரை சென்ற வழி

"தம்பி, நீ படிக்கிற பிள்ளைதானே? ஒண்டு கேக்கிறன், சொல்லு பாப்பம். குளிசையை விழுங்கினா அது வயித்துக்குள்ளதானே போகும்? நெஞ்சுக்குள்ள இருக்கிற வருத்தத்துக்கு அது எப்பிடிப் போய்ச் சேரும்?"

உடப்புக் கடற்கரையிலே, வலை உலர்த்தும் பந்தலின் நிழலிற் சாய்ந்திருந்தபடி என் சின்னையா இவ்வாறு கேட்டபோது எனக்கு வயது பதின்மூன்று. 1980களின் தொடக்கம் அது. கரைவலை இழுப்போருக்கு அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அவர். ஒரு புறம் கடலும் மறு புறம் களப்புமாகக் கிடக்கும் எமது ஊரிலே, வாடைக்காற்றையும் எதிர்த்துக்கொண்டு அவர் குரல் நெடுந்தூரம் கேட்கும். அந்தக் குரலைத்தான் சயரோகம் பற்றிக்கொண்டது.

"இரத்தத்தோடு கலந்து போகும், சின்னையா" என்று பாடப்புத்தகத்திற் கண்டதை ஒப்புவித்தேன்.

"இரத்தம் எல்லா இடத்துக்கும் போகுமோ?"

"போகும்" என்றேன், சற்றும் தயங்காமல். அவர் சிரித்துவிட்டுக் கடலைப் பார்த்தார். நான் அன்று சொன்ன விடை பிழையென்பதை நான் அறிய நாற்பது ஆண்டுகள் சென்றன.

சிகிச்சை நிலையத்திலே கொடுத்த ஊசிகளையும் குளிசைகளையும் சின்னையா மூன்று மாதம் தவறாமற் கொண்டார். காய்ச்சல் தணிந்தது, இருமல் அடங்கியது, உடம்பிற் சதை பிடித்தது. நான்காம் மாதத்தில் ஒருநாள், காலை முதல் வெயிலிலே கிடந்த சூரை மீன் எங்கள் வீட்டில் மதியக் கறியாயிற்று. உண்டு கை கழுவிச் சிறிது நேரத்துக்குள் சின்னையாவின் முகம் சிவந்தது; தலை இடித்தது; நெஞ்சு படபடத்தது. அதே கறியை உண்ட எங்களுக்கோ ஒன்றும் நேரவில்லை. "குளிசை உடம்பை எரிக்குது" என்று அவர் முடிவு கட்டினார். வருத்தம் மாறிய பின்னும் உடம்பை எரிக்கும் மருந்து எதற்கு? எஞ்சிய குளிசைகளைக் கூரைக் கிடுகுக்குள்ளே செருகி வைத்தார். பதினான்கு மாதங்களின் பின் அவரைச் சுடலைக்குக் கொண்டு சென்றபோதும் அக்குளிசைகள் கிடுகுக்குள்ளேயே இருந்தன.

அவரைக் குறை கூற எனக்கு மனம் வருவதில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. அதற்கு விடை சொல்லுவார் அன்று அவர் பக்கத்தில் இல்லை என்பதே குறை.

மீண்டும் அதே கேள்வி

கடந்த ஆண்டு, நான் கற்பிக்கும் பிராசீனக் கல்லூரியின் பண்டித வகுப்பிலே படிக்கும் மீனவ இளைஞர் ஒருவர் பாடம் முடிந்த பின் தனித்து நின்றார். அவருக்கும் சயரோகம். "ஐயா, மூண்டு மாதம் முடிஞ்சுது. சளியிலயும் கிருமி இல்லையாம். இன்னும் மூண்டு மாதம் எதுக்கு? வாடிக்குப் போக வேணும்" என்றார். கூரைக் கிடுகு என் கண்முன்னே வந்து நின்றது.

"வைத்தியர் சொன்னபடி செய்யும்" என்று கூறி அனுப்பியிருக்கலாம். அவ்வாறு கூறுவது விடையாகாது. காரணம் அறியாமற் கொண்ட கட்டளை, கரையிலே நிற்குமளவும் நிற்கும். வள்ளம் ஏறினால் மறந்துபோகும். ஆதலின், வெளிநாட்டிலே இரசாயன ஆய்வுகூடமொன்றிற் பணிபுரியும் என் பழைய மாணவரொருவரிடம் கேட்டேன். அவர் சில மாலைப் பொழுதுகளைச் செலவிட்டு எனக்கு விளக்கியதும், படங்களாகக் காட்டியதும், அதன்பின் நான் தேடிப் படித்ததுமே இக்கட்டுரை. இரசாயனம் நான் முறையாகக் கற்ற துறையன்று. எனினும், ஒரு மாணவனின் வினாவுக்கு விடை தேடுவது ஆசிரியன் தொழில் என்பதால் துணிந்தேன்.

எவ்வளவு என்பதும் எங்கே என்பதும்

விழுங்கிய மருந்து உடம்பிலே எவ்வளவு இருக்கிறது என்று அறிதல் அரிதன்று. ஒரு துளி இரத்தத்தைச் சோதித்தாற் போதும். நோயுற்ற உறுப்பிலே எவ்வளவு என்று அறிய வேண்டுமாயின், அவ்வுறுப்பின் துண்டொன்றை அரைத்துக் கரைத்து அளந்து பார்ப்பர். ஆனால் அரைத்த மாத்திரத்தே இடம் அழிந்துபோகிறது. அம்மியில் அரைத்த கூட்டைப் பார்த்து, மிளகு எந்தப் பக்கத்தில் இருந்தது, சீரகம் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று யாராற் சொல்ல முடியும்? கிடைப்பது ஒரு சராசரி. கிருமி இருக்கும் மூலையிலே மருந்து அறவே இல்லாதிருக்கலாம்; இல்லாத மூலையிலே நிறைந்திருக்கலாம். சராசரி இரண்டையும் ஒன்றாக்கி, "போதியளவு உண்டு" என்று நம்மை ஏமாற்றிவிடும்.

எமது கற்பிட்டியிலே 1807ஆம் ஆண்டு பிறந்த சைமன் காசிச்செட்டியை இவ்விடத்தில் நினைக்கிறேன். தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்து 1859இல் வெளியிட்டவர் என்று இலக்கிய மாணவர் அவரை அறிவர். அதற்கு முன்பே, 1834இல், இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் பிறவற்றையும் நிரைப்படுத்தி, எது எங்கே உள்ளது என்று காட்டும் 'சிலோன் கசற்றியர்' என்னும் நூலை அவர் ஆக்கினார். "இலங்கையில் இத்தனை ஊர்கள் உள்ளன" என்று தொகை கூறுவதற்கும், "இவ்வூர் இவ்விடத்தில் உள்ளது" என்று வழி காட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் அறிந்திருந்தார். மருந்துக்கும் அத்தகைய ஓர் இடவிளக்க நூல் வேண்டியிருந்தது.

முதல் முயற்சி சுவீடன் நாட்டிலே நிகழ்ந்தது. 1954ஆம் ஆண்டு ஸ்வென் உல்பேர்க் என்னும் ஆராய்ச்சியாளர், கதிர்வீசும் கந்தகம் சேர்த்த பெனிசிலினை எலிகளுக்குச் செலுத்தி, உறைய வைத்த உடலை மெல்லிய சீவல்களாக வெட்டி, புகைப்படச் சுருளின்மேல் வைத்தார். கதிர் பட்ட இடம் கறுத்தது. மருந்து போன இடம் படமாயிற்று. இன்றும் பயன்படும் அருமையான முறை அது. ஆயினும் ஒரு குறையுண்டு. சுருள் காண்பது கதிர்வீசும் அணுவை மாத்திரமே. மருந்து சிதைந்து வேறொரு பொருளாகி, அந்த அணு அதிலே ஒட்டியிருந்தாலும் சுருள் அதே போலக் கறுக்கும். ஆள் இறந்த பின்னும் அவர் சட்டையைப் பார்த்து, "அதோ வருகிறார்" என்று சொல்வதைப் போன்றது அது.

அடையாளம் எதையும் ஒட்டாமல், மருந்தை மருந்தாகவே கண்டுகொள்ள வழி உண்டா? உண்டு. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இயற்கை கொடுத்த அடையாளம் ஒன்று இருக்கின்றது. அதுவே அதன் திணிவு.

இரு மாத்திரைகள்

அணுக்களை எடை பார்க்கும் வித்தை புதியதன்று. கேம்பிறிட்ஜில் ஜே. ஜே. தொம்சன், நியன் வாயுவிலே 20, 22 என இருவேறு திணிவுடைய அணுக்கள் உள்ளமைக்குச் சான்று கண்டு 1913இல் வெளியிட்டார். அவருடைய உதவியாளர் பிரான்சிஸ் அஸ்ரன் 1919இல் இதற்கெனச் செப்பமான கருவியொன்றை அமைத்து, 1922ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசைப் பெற்றார். மூலக்கூறுக்கு மின்னேற்றம் கொடுத்து ஓடவிட்டால், பாரத்துக்கேற்ப அதன் ஓட்டம் மாறும் என்பதே இதன் தத்துவம்.

இன்று பெரிதும் வழங்கும் ஒரு முறையிலே, மின்னேற்றம் பெற்ற மூலக்கூறுகளை ஒரே விசையுடன் தள்ளி, வெற்றிடக் குழாயொன்றினுள் ஓடவிடுகின்றனர். இலேசானது முந்தி வரும். பாரமானது பிந்தி வரும். வந்து சேர எடுத்த காலத்தைக் கொண்டு திணிவைக் கணிக்கின்றனர். அக்காலமோ செக்கனின் இலட்சத்தில் ஒரு பங்கு அளவினது.

இதை என் மாணவர் சொன்னபோது எனக்குள்ளே ஒரு மணி அடித்தது. தமிழ் இலக்கணத்திலே காலத்தை அளக்கும் சொல் மாத்திரை அன்றோ? கண்ணிமைக்கும் நேரத்தையும் கைந்நொடிக்கும் நேரத்தையும் அளவாகக் கொண்டு, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று நம் முன்னோர் வகுத்தனர். எழுத்தின் ஒலி நிற்கும் காலத்தால் குறிலையும் நெடிலையும் நாம் பிரித்து அறிவது போல, ஓடும் காலத்தால் அக்கருவி மூலக்கூறுகளைப் பிரித்து அறிகின்றது. சயரோக மருந்துகளுள் பைரசினமைட் என்பதன் மூலக்கூற்றுத் திணிவு ஏறக்குறைய 123. ரிபாம்பிசின் என்பதன் திணிவு ஏறக்குறைய 823. ஒன்று குறில், மற்றது நெடிலிலும் நெடில். விழுங்கும் மாத்திரையை, ஓடும் மாத்திரையால் அறிகிறார்கள்!

உப்புப் பாத்தியிலே ஒரு பாடம்

ஆயினும் ஒரு பெரிய தடை இருந்தது. ஓடவிட வேண்டுமானால் மூலக்கூறு இழையத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். ஒளியாற் சுட்டுக் கிளப்பலாமென்றால், பெரிய மூலக்கூறுகள் சிதறிப் போகின்றன. உடையாமற் கிளப்புவது எப்படி?

விடை கண்டோருள் ஒருவர் ஜப்பானியரான கொய்ச்சி தனக்கா. கியோத்தோ நகரின் ஷிமாட்சு நிறுவனத்திலே பணிபுரிந்த அவர் கலாநிதிப் பட்டம் பெற்றவரல்லர், இளம் பொறியியலாளர். 1985ஆம் ஆண்டு ஒருநாள், நுண்ணிய உலோகத் தூளோடு சேர்க்க வேண்டிய திரவத்துக்குப் பதிலாகக் கிளிசரினைத் தவறுதலாக ஊற்றிவிட்டார். தூளை வீசுவது வீண்செலவென்று எண்ணி, அந்தக் கலவையையே சோதித்துப் பார்த்தார். பெரிய மூலக்கூறு உடையாமல் எழுந்தது. அதே காலத்தில் ஜேர்மனியிலே மைக்கேல் கராசும் பிரான்ஸ் ஹிலன்காம்பும், பளிங்காகும் சேதனப் பொருள்களோடு மூலக்கூறைக் கலந்து லேசர் ஒளியாற் கிளப்பும் முறையை உருவாக்கினர். இன்று உலகெங்கும் வழங்குவது பெரும்பாலும் இந்த ஜேர்மன் முறையே. தனக்கா 2002ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசிலே பங்கு பெற்றார். வீட்டிலே சிக்கனமாக வளர்ந்தவன் தூளை வீச மனமின்றி உலகுக்கு ஒரு கண்ணைத் திறந்து வைத்தான் என்று என் வகுப்பிலே நான் சொல்வதுண்டு.

இம்முறையை விளங்கிக்கொள்ளப் புத்தளத்தாருக்கு வேறு உவமை வேண்டாம். பாலாவிப் பக்கத்து உப்பளங்களைப் பார்த்திருக்கிறீர்கள். களப்பு நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலிலே காய விடுவர். நீர் ஆவியாக, முதலிற் கழிவுப் பொருள்கள் படிந்து, ஈற்றிலே உப்புப் பளிங்கு பூக்கும். பளிங்கு உருவாகும்போது, நீரிலே இருந்த வேறு பொருள்களும் சிறிதளவு அதனுட் சிக்கிக்கொள்ளும். ஆய்வுகூடத்திலும் இதே வேலைதான், அளவிலே மிகச் சிறிதாக. உறைய வைத்த இழையத்தை மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குத் தடிப்பிலே சீவுகின்றனர். அச்சீவலைக் கண்ணாடித் தட்டிலே பரப்பி, பளிங்காகும் பொருளின் கரைசலைப் பனித்தூறல் போலத் தெளிக்கின்றனர். அது காயும்போது இழையத்திலுள்ள மருந்து மேலெழுந்து பளிங்குக்குள்ளே குடிபுகும். உப்பளத் தொழிலாளி பெரிய மணியை விரும்புவார். இவர்கள் விரும்புவதோ மிகச் சிறிய மணியை. தூறல் மிஞ்சினால் மருந்து இடம்விட்டு ஒழுகிப் படம் கலங்கிவிடும். குறைந்தால் மருந்து மேலே வராது.

பின்பு லேசர்க் கதிர், வயலிலே நாற்று நடுவார் போல, சீவலின்மேல் வரிசை வரிசையாகப் புள்ளி வைத்துச் செல்கின்றது. ஒரு புள்ளிக்கும் மறு புள்ளிக்கும் இடையே தலைமயிரின் தடிப்பளவோ அதனினும் குறைவோதான் தூரம். பளிங்கு ஒளியை ஏற்று வெடித்தெழும்போது, தன்னுள் இருந்த மருந்தை உடைக்காமல் தூக்கி வருகின்றது. ஒவ்வொரு புள்ளியிலும் எழுந்தவற்றின் திணிவுப் பட்டியலைக் கருவி எழுதுகின்றது. ஆயிரக்கணக்கான புள்ளிகள், ஆயிரக்கணக்கான பட்டியல்கள். "823ஐ மாத்திரம் காட்டு" என்று கணினியிடம் கேட்டால், ரிபாம்பிசின் இருந்த புள்ளிகள் ஒளிரும். இல்லாத புள்ளிகள் இருண்டு கிடக்கும். மருந்தின் இடவிளக்கப் படம் இதுவே. அமெரிக்கரான றிச்சட் கப்பிறியோலியும் அவருடன் உழைத்தோரும் 1997இல் இம்முறையால் இழையங்களைப் படமாக்கிக் காட்டிய பின்னரே இது பரவலாயிற்று.

ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். இவ்வேலைக்கு இடையூறு செய்வனவற்றுள் ஒன்று உப்பு! இழையத்திலுள்ள சோடியம் மருந்து மூலக்கூற்றோடு ஒட்டிக்கொண்டு, அதன் எடையை 22 அளவு கூட்டிக் காட்டும். உப்பு விளையும் ஊரான் நான். இதைக் கேட்டுச் சிரித்தேன்.

கோட்டைக்குள்ளே யார் புகுந்தார்?

இனிச் சின்னையாவின் கேள்விக்கு வருவோம்.

சயரோகக் கிருமியை 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் திகதி றொபேட் கொக் பேர்லினிலே அறிவித்தார். அக்கிருமி சுவாசப்பையுள் நுழைந்தால், உடம்பு அதைக் கொல்ல இயலாதபோது சிறை வைக்கின்றது. காவற் கலங்கள் சுற்றிச் சூழ்ந்து மதில் எழுப்புகின்றன. உழிஞை, நொச்சி என்று மதில் வளைத்தலையும் மதில் காத்தலையும் தனித்தனித் திணைகளாக வகுத்தவர் தமிழர். இங்கோ இரண்டும் மயங்கிக் கிடக்கின்றன. வளைத்தவர் எழுப்பிய மதிலே உள்ளிருப்பவனுக்கு அரணாகிவிடுகின்றது. மதிலின் நடுவே கலங்கள் இறந்து, வெண்ணிறப் பாலாடைக்கட்டி போன்ற பொருளாகத் திரண்டு கிடக்கும். அதற்குள்ளே குருதிக் கலன் ஒன்றுகூட இல்லை. கிருமி அங்கே உறங்கியும் உறங்காமலும் ஆண்டுக் கணக்காகக் கிடக்க வல்லது.

"இரத்தம் எல்லா இடத்துக்கும் போகுமோ?" என்று சின்னையா கேட்டாரே! போகாது. கிருமி பதுங்கியிருக்கும் அந்த இடத்துக்குத்தான் அது போகாது. மருந்து இரத்தமாகிய தெருவிலே மதில்வரை வரலாம். அதற்கப்பால், மணலிலே நீர் ஊறுவது போலத் தானே ஊறிச் செல்ல வேண்டும்.

எந்த மருந்து ஊறுகின்றது, எது மதிலோடு நின்றுவிடுகின்றது என்பதைக் கண்ணாற் காட்டியது இந்தத் திணிவுப் படம். நோய் முற்றிச் சுவாசப்பையின் ஒரு பகுதியை வெட்டியகற்ற வேண்டிய நோயாளர் சிலர் கொரியாவிலே இவ்வாய்வுக்கு இசைந்தனர். சத்திரசிகிச்சைக்கு முன் அவர்களுக்கு மருந்து கொடுத்து, அகற்றிய பகுதியைப் படமாக்கினர். பிறென்டன் பிறிடோ, வெறொனிக் டார்ட்டுவா முதலியோர் 2015இல் வெளியிட்ட அம்முடிவுகளை என் மாணவர் எனக்குக் காட்டினார். சிறியதான பைரசினமைட் மதிலைக் கடந்து நடுவிடம் எங்கும் விரைவிற் பரவியிருந்தது. மொக்சிபுளொக்சசின் என்னும் வலிய மருந்தோ மதிலிலுள்ள கலங்களிலே நிறைந்து ஒளிர்ந்தது. நடுவிடமோ பெரும்பாலும் இருண்டு கிடந்தது. அரைத்து அளந்திருந்தால், அம்மருந்து மிகுதியாக இருப்பதாகவே கணக்கு வந்திருக்கும்!

ரிபாம்பிசினின் செய்திதான் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. அது முதல் வேளையிலேயே நடுவிடத்தை நிரப்புவதில்லை. வேளைக்கு வேளை, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக ஊறிச் சேர்கின்றது. இடையிலே நிறுத்தினால் சேர்தலும் நிற்கும்.

இப்படங்களுக்கு ஒரு வருடம் முன், 2014இல், மொக்சிபுளொக்சசினைச் சேர்த்து ஆறு மாதச் சிகிச்சையை நான்கு மாதமாகக் குறைக்க முயன்ற பெரிய ஆய்வொன்று கருதிய பயனைத் தராமற்போனது. அதன் காரணங்களுள் ஒன்றை இப்படங்கள் காட்டின எனலாம். எனினும் ஒரு மருந்தைப் பயனற்றதென்று ஒதுக்கிவிடுதல் தவறு. ரிபாம்பிசினின் உடன்பிறப்பாகிய ரிபாபென்டினோடு அதே மொக்சிபுளொக்சசினைச் சேர்த்தபோது, நான்கு மாதமும் போதும் என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒருவர் நுழையாத இடத்தில் மற்றவர் நுழைகின்றார். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதன் நியாயங்களுள் இதுவும் ஒன்று.

எங்கள் நாட்டிலே இன்று வழங்கும் வழக்கமான சிகிச்சை, முதல் இரண்டு மாதம் ஐசோநயசிட், ரிபாம்பிசின், பைரசினமைட், எதம்பியூட்டோல் என்னும் நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதம் ஐசோநயசிட்டும் ரிபாம்பிசினும் ஆகும். அரசாங்கம் இவற்றை இலவசமாகவே வழங்குகின்றது. இருமல் நிற்பது கோட்டைக்கு வெளியே நடந்த போர் முடிந்ததன் அடையாளம். உள்ளே உறங்குபவனைத் தேடிச் செல்லும் பயணம் அதன் பின்னரும் நடக்கின்றது. உறங்கும் கிருமியைக் கொல்வது மெல்லவே நிகழும் என்பதையும் சேர்த்து நோக்கினால், ஆறு மாதம் என்பது வைத்தியர் வெறுமனே சொன்ன கணக்கன்று என்பது புலனாகும்.

சூரை மீனும் சென்னை ஆய்வும்

சின்னையாவின் முகம் சிவந்ததற்கும் விடை உண்டு. அதைக் கண்டவர்கள் எம் நாட்டவரே. கொழும்பிலே சயரோக வைத்தியராக விளங்கிய சி. ஜி. உறகொட, எஸ். ஆர். கொட்டேகொடவுடன் சேர்ந்து, ஐசோநயசிட் உண்போர் சூரை போன்ற மீன்களை உண்டபோது நேர்ந்த இவ்வகைத் துன்பத்தை ஆராய்ந்து 1977இல் வெளியிட்டார். இவ்வின மீன் பழுதாகும்போது அதன் தசையிலே ஹிஸ்டமின் என்னும் பொருள் பெருகும். உடம்பிலுள்ள ஒரு நொதியம் சாதாரணமாக அதை அழித்துவிடும். ஐசோநயசிட்டோ அந்த நொதியத்தின் கையைக் கட்டிவிடுகின்றது. ஆகவே எங்களைத் தீண்டாத கறி சின்னையாவைத் தீண்டியது. நெஞ்சுக்கென்று விழுங்கிய மருந்து நெஞ்சுக்கு மாத்திரம் போவதில்லை. போன இடமெல்லாம் ஏதேனும் செய்கின்றது. அவர் விட வேண்டியிருந்தது மருந்தையன்று, அந்த மீனை. அச்செய்தி அச்சேறிச் சில ஆண்டுகள் சென்றிருந்தும் எங்கள் கரைக்கு வந்து சேரவில்லை. மருந்துக்குத் தடையாக ஒரு மதில் இருப்பது போல, அறிவுக்கும் ஒரு மதில் இருக்கின்றது. அது மொழியால் எழுந்த மதில்.

இன்னொன்றும் கூற வேண்டும். நோயாளி தொழிலையும் வீட்டையும் விட்டு ஆசுப்பத்திரியிலே படுத்தாற்றான் சயரோகம் மாறும் என்று ஒரு காலத்தில் நம்பினர். அதைப் பொய்யாக்கியது தமிழ்நாடு. 1956இல் சென்னையிலே நிறுவப்பட்ட சயரோக மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம், ஒரு சாராரை வீட்டிலும் மறு சாராரை ஆசுப்பத்திரியிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்து, 1959இல் முடிவை வெளியிட்டது. எளிய குடிசையிலே, எளிய உணவோடு இருந்தவரும் ஏறக்குறைய அதேயளவு குணமடைந்தனர். வீட்டிலிருந்த உறவினருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை. மருந்து ஒழுங்காக உள்ளே போக வேண்டும் என்பதே முதன்மையானது. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, வைத்தியன், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து கொடுப்பவனையும் நான்காவதாக வைத்து எண்ணுவதன் அருமை எனக்கு இப்போது நன்கு விளங்குகின்றது.

பெயரும் எல்லையும்

ஆங்கிலத்திலே 'இமேஜிங் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி' என்று வழங்கும் இதற்குத் 'திணிவுப் படமாக்கம்' என்ற பெயரே எனக்குப் போதுமாகத் தோன்றுகின்றது. தமிழ்நாட்டார் 'நிறை' என்பதை நாம் 'திணிவு' என்கிறோம். எதுவாயினும் பொருள் துலங்கினாற் சரி. மானிப்பாயிலே வைத்தியர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தது 19ஆம் நூற்றாண்டில். அவரால் அன்று இயன்றது நம்மால் இன்று இயலாதா?

இதன் எல்லையையும் மறைத்தலாகாது. இது வெட்டியெடுத்த இழையத்தைப் படம் பிடிப்பது. உயிரோடு நடமாடுபவரின் நெஞ்சை இதனாற் பார்க்க இயலாது. ஒரு கணத்தின் நிலையை மாத்திரம் காட்டும். பயணம் முழுவதையும் அறியப் பல படங்கள் வேண்டும். ஐசோநயசிட் போன்ற மிகச் சிறிய மூலக்கூறு, தெளித்த பொருளின் சொந்தத் திணிவுகளோடு கலந்து மறைந்துபோவதால், அதை வேறொன்றோடு பிணைத்து எடை கூட்டியே காண வேண்டியிருக்கின்றது. கருவியோ விலை மிக்கது. ஆயினும், மருந்து எங்கே போயிற்று என்று ஒரு கரைவலைக்காரர் கேட்ட கேள்வியை உலகின் சிறந்த ஆய்வுகூடங்களும் கேட்டுக்கொண்டிருக்கின்றன என்பதை எண்ண எனக்குப் பெருமையாக இருக்கிறது.

நிற்க. இவற்றையெல்லாம் அந்த இளைஞருக்கு ஒரு மாலையில் உப்புப் பாத்தியைக் காட்டியும், மணலிலே நீர் ஊற்றியும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் விட்டா, அது பாதி வழியில நிண்டிரும், என்ன ஐயா?" என்றார். அவ்வளவுதான், நான் சொல்ல வேண்டியது எதுவும் மிஞ்சவில்லை. வாடிக்குப் போகுமுன் சிகிச்சை நிலையத்துக்குச் சென்று, போகுமிடத்திலே மருந்து பெற ஒழுங்கு செய்துகொண்டார். சூரை மீனைப் பற்றியும் சொல்லி அனுப்பினேன். இப்போது ஐந்தாம் மாதம் நடக்கின்றது. காலைதோறும் தொலைபேசியிலே ஒரு வரிச் செய்தி வரும்: "குளிசை போட்டாச்சு ஐயா."

அதை வாசிக்கும்போதெல்லாம், வலைப் பந்தலின் நிழலிலே சாய்ந்திருந்தவரிடம் என் பழைய விடையைத் திருத்திச் சொல்லிக்கொள்கிறேன். இல்லை, சின்னையா. இரத்தம் எல்லா இடத்துக்கும் போகாது. மிச்ச வழியை மருந்து நடந்துதான் போக வேண்டும். அதற்கு நாட்செல்லும்.